மூன்று விரல் அளவு

இறப்பர் மலையில் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது மணிக்கூடல்ல, மரம். விடியலில் மரப்பட்டையை வெட்டத் தொடங்கி கடைசி மரத்தையும் வெட்டிவிட்டால், சிரட்டைகளில் பால் சொட்டி முடியும் வரைக்கும் கைக்கு வேலை கிடையாது. அந்த இடைவெளியில்தான் ஜெயம்மா, விஜயகலா, துஷ்யந்தி மூவரும் ஓடையோரப் பாறையில் கூடுவார்கள். மூன்று வீட்டுச் சோறும் கறியும் விஜயகலாவின் அலுமினியப் பேசினில் விழும். அவள் பிசைந்து, உருட்டி, ஆளுக்கொன்றாய் உள்ளங்கையில் வைப்பாள். பலாக்காயும் கருவாடும் சம்பலும் ஒரே உருண்டைக்குள் போய்விட்டால், யார் வீட்டில் என்ன கறி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தது.

ஏழு மாதமாக ஜெயம்மா மட்டும் அந்தப் பேசினுக்கு வருவதில்லை. "வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, பாறைக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள்.

வயிற்றில் ஒன்றுமில்லை. வாய்தான் திறக்கவில்லை. பதினைந்து வயதில் தொடங்கிய வெற்றிலை. முதலில் கொச்சிக்காய்க் காரம் பட்டால் நெருப்பாய் எரிந்தது, பிறகு கன்னத்தின் உட்பக்கம் காய்ந்த தோல் மாதிரி இறுகிவிட்டது. இரத்தினபுரி கிளினிக்கில் டொக்டர் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்திக் காட்டினார். நல்ல வாய்க்குள் அந்த மூன்றும் நெட்டுக்குத்தாகப் போக வேண்டுமாம். அவளுக்கு ஒன்றரைதான் போனது. இப்போதைக்குப் புற்று இல்லை, ஆனால் வெற்றிலையை விடாவிட்டால் அதற்குப் பொறுப்பில்லை என்றார். உறைப்பு கூடாது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்து, முடிந்தபோது ஒன்று கூட்ட வேண்டும். அவள் புருஷன் முத்துவீரன், நரைத்த மீசையோடு, கோயில் திருவிழா முடிந்த மைதானத்தில் குனிந்து குனிந்து குச்சி பொறுக்கிக்கொண்டு வந்து, வெந்நீரில் அவித்துக் கொடுத்தான். எட்டில் தொடங்கியது பதினொன்றுக்கு வந்திருந்தது.

இதை மற்ற இருவரிடமும் சொல்ல அவளுக்குப் பயம். மேல் லய வரிசை வீட்டுச் செல்லையாவுக்கு வாயில் புற்று வந்தபோது லயமே அவனுக்குத் தண்ணீரைச் சிரட்டையில்தான் கொடுத்தது. ஜெயம்மாவும் அப்படித்தான் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக் குடித்த விதம் அவளுக்கு மறக்கவில்லை. இன்று தன்னுடையது புற்று இல்லை என்றால் யார் நம்புவார்கள்? தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அது சிரட்டையை விட மேல்.

அப்படியிருக்கும்போதுதான் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு போட்டி வைத்தார். மரத்துக்குக் காயம் படாமல் மாதத்தில் அதிகப் பால் கொடுக்கும் மூவருக்கு டவுன் ஹோட்டலில் இராச்சாப்பாடு. இவர்கள் மூவருமே ஜெயித்தார்கள்.

"எனக்கு முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றாள் ஜெயம்மா.

"ஏன்க்கா, எங்க கை சோறுதான் ஒங்களுக்கு எறங்கல. தொரை சோறாவது எறங்குதான்னு பாக்குறோம், வாங்க" என்றாள் விஜயகலா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஞாயிறு பொழுது சாயத் தோட்டத்து லொறி அவர்களை நிலாம் முதலாளியின் ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டது. மாடியில் கண்ணாடி போட்ட மேசை, தலைக்கு மேல் ஃபேன். நிலாமே வந்து ஃப்ரைட் ரைஸ், முழுசு முழுசாகக் கோழிக்கால், ஆளுக்கொரு கரண்டியும் முள்ளுக்கரண்டியும் வைத்துவிட்டுப் போனார்.

"கையால தின்னா தொரை மானம் போயிரும்டி" என்று துஷ்யந்தியின் கையைத் தட்டிவிட்டு, விஜயகலா கரண்டியைக் கத்தி பிடிப்பதுபோல் பிடித்தாள். முதல் வாய் மடியில் விழுந்தது. முள்ளால் குத்திய கோழிக்கால் எகிறித் துஷ்யந்தியின் தட்டுக்குப் போனது.

"எனக்கே குடுத்திட்டீங்களாக்கா? சந்தோசம்" என்றாள் துஷ்யந்தி. வயது இருபத்திரண்டு, வாய்க்குப் பூட்டில்லை.

ஜெயம்மா பழக்க தோஷத்தில் சீனிக் கிண்ணத்துத் தேக்கரண்டியை எடுத்தாள். மிளகாய்த் துண்டுகளை ஓரமாய் ஒதுக்கினாள். நான்கைந்து பருக்கையாய் எடுத்து, உதட்டுக்கிடையில் நுழைத்து, மெல்ல மென்றாள். ஒரு பருக்கை கீழே விழவில்லை. நிமிர்ந்தபோது இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடி ஆத்தி. எந்த பங்களாவுல பழகினது இது?" என்றாள் விஜயகலா.

"வீட்டுலதான்."

"வீட்டுலயும் கரண்டியா? அப்ப சரி." விஜயகலா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் கைய நல்லா கழுவிட்டுத்தான் பெசைவேன்க்கா. நகம்கூட வளக்குறதில்ல. என்ன அருவருப்போன்னு ஏழு மாசமா யோசிச்சேன்."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் இரகசியம் வெளியே போகாது என்று ஜெயம்மாவுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அவளால் பேசாமல் இருக்க முடியவில்லை. தேக்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அருவருப்பு இல்ல புள்ள. என் வாய் தொறக்காது. இங்க பாரு." இரண்டு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினாள். இரண்டாவது விரல் பல்லில் தட்டி நின்றது. பிறகு கிளினிக், குச்சி, செல்லையா, சிரட்டை எல்லாவற்றையும் சொன்னாள்.

துஷ்யந்தியின் கை தன் தண்ணீர்க் கிளாஸைக் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டது. ஜெயம்மா அதைக் கண்டாள்.

"ஒட்டுமாக்கா?" துஷ்யந்தி கேட்டேவிட்டாள்.

"ஒட்டாதுன்னு டொக்டர் சொன்னாரு. வெத்தலையால வாறது."

அதைக் கேட்டதும் விஜயகலா மெல்லுவதை நிறுத்தினாள். விழுங்கிவிட்டு மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் செருகினாள். மூன்றாவது விரல் இழுத்துப் பிடித்துத்தான் போனது. அதைப் பார்த்துத் துஷ்யந்தியும் செருகினாள். மேசை மூலையில் இரண்டு பேரும் வாயில் விரலோடு உட்கார்ந்திருக்க, நிலாம் ஓடி வந்தார்.

"என்ன தங்கச்சி, எலும்பு சிக்கிட்டா?"

விரலை எடுத்த பிறகும் விஜயகலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பயமும் அடங்கவில்லை, மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சொருகிக்கொண்டாள். கடைசியில் கப் ஐஸ்கிரீம் வந்தது, மரக்குச்சியோடு. எரியாத சாப்பாடு அது ஒன்றுதான். ஜெயம்மா வழித்துத் தின்றாள். விஜயகலா மூன்று குச்சிகளையும் கழுவிக் கொண்டுவந்து அவள் கைப்பைக்குள் போட்டாள்.

மறுநாள் பாறையில், பேசினில் சோறு விழுந்ததும் விஜயகலா முதலில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தாள். அதன் மேல் வெறும் தேங்காய்ப்பால் பருப்பை ஊற்றினாள்.

"ஒங்களுக்காக நான் கொச்சிக்கா இல்லாம திங்க மாட்டேன்க்கா. ஒங்க பங்க முன்னுக்கே எடுத்திட்டேன்" என்றவள், நெல்லிக்காய் அளவில் உருட்டி, பெருவிரலால் தட்டையாக அழுத்தி ஜெயம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அது பல்லில் தட்டாமல் உள்ளே போனது.

நாலைந்து வாய் ஆனதும் ஜெயம்மாவுக்கு விக்கல் எடுத்தது. அண்ணாந்து குடிக்க அவளால் ஆகாது. தன் போத்தலைத் தேடித் திரும்பினாள். அது மரத்தடியில் வாளியோடு கிடந்தது.

துஷ்யந்தி குடிப்பதைப் பாதியில் நிறுத்தித் தன் போத்தலை நீட்டினாள்.

"வாய வச்சே குடிங்கக்கா" என்றாள். "மிச்சத்த எனக்கு வைங்க."