டோரீன் அம்மாவுக்கு நான் கட்டிய ஃப்ளெக்ஸ்

இப்போதெல்லாம் ஒருத்தனும் இழவு வீட்டுக்குத் துட்டி கேட்க நேரில் வருவதில்லை. செல்போனில் கண்ணீர் விடுகிற மஞ்சள் மூஞ்சி ஒன்றைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறான். என் அண்ணன் செத்தபோது மூஞ்சிதான் நிறைய வந்தது. வந்த நாலைந்து ஆட்களும் பந்தலில் உட்கார்ந்து தேர்தல் பேசினார்கள். இழவு கொடுத்தவரைப் பார்த்தால் முதல் வார்த்தை செத்தவரைப் பற்றித்தான் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த மரியாதை அது.

நான் ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் சுமக்கிறவன். படிப்பு ஆறாங்கிளாஸோடு சரி. என் மகள் முத்துராணி ஏழு வருஷமாக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரன் இறங்குவதற்கு முன்பிருந்தே வாழ்கிற பூர்வகுடி ஜனங்களின் கதை, பாட்டு, வழக்கம் இதிலெல்லாம் ஆராய்ச்சி.

"அவ்வளவு தூரத்துல உள்ளவன் கதை நமக்கு எதுக்குட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவங்க நெலத்தைப் புடுங்கிட்டாங்கப்பா."

புடுங்குவதற்கு நமக்கு நிலம் எங்கே இருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எழுதியதெல்லாம் முடிந்து, கடைசியாக வைவா என்று ஒன்று உண்டாம். ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்க, இவள் பதில் சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்குள் அது முடியாவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. கேள்வி கேட்க வந்தது டோரீன் என்கிற அம்மா. அந்தப் பூர்வகுடி ஜனத்திலேயே பிறந்து, அங்கே பெரிய காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர். இருபத்தெட்டாம் தேதி காலையில் பாளையங்கோட்டையில் மகளின் காலேஜுக்கு வருவதாக ஏற்பாடு.

முந்தின வாரம் மகள் போனில் சொன்னாள்: "எப்பா, அவங்க தங்கச்சி செத்து ரெண்டு மாசம்தான் ஆவுது. ரெண்டு பேரும் சேந்துதான் புஸ்தகம் எழுதுவாங்க. அந்தத் துக்கத்துலயும் வாறாங்க."

"துட்டி யாரு கேட்டா?"

"அதெல்லாம் வேண்டாம்ப்பா. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்."

'செய்யாண்டாம்' என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் சொல்லவில்லை? கடல் தாண்டி வருகிற பொம்பளை, தங்கச்சியைப் பறிகொடுத்தவள். நம் வாசலில் வந்து நிற்கும்போது ஒரு வார்த்தை இல்லை என்றால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்?

வீட்டில் மகள் வைத்திருந்த புத்தகம் ஒன்றின் பின் அட்டையில் அக்கா, தங்கச்சி இரண்டு பேர் படமும் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்குப் போனேன். ஃப்ளெக்ஸ் அடிக்கிற மாரிசெல்வம் தெரிந்த பையன்.

"அண்ணாச்சி, இதுல செத்தது யாரு?"

"அக்காவுக்கு நரைச்ச முடின்னு எம் மவ சொல்லிருக்கா. கருத்த முடி இருக்கவதான் தங்கச்சி. சரியாப் பாத்துப் போடுலே, உசுரோட இருக்க அக்காவைச் சாவடிச்சிராத."

"தோற்றம், மறைவு தேதி?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"வெறுமனே விட்டா நல்லா இருக்காது அண்ணாச்சி. ரெண்டு புறா போட்டுருதேன். கீழ ஒம்ம படம் போடட்டா? போன் பேசுத மாதிரி?"

"செருப்பு பிஞ்சிரும். எம் பேரை மட்டும் போடு."

ஆறுக்கு நாலு. நடுவில் தங்கச்சி முகம், சுற்றிலும் மல்லிகை மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே கண்ணீர் அஞ்சலி. இங்கிலீஷில் செத்த தங்கச்சியின் முழுப் பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மகள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

இருபத்தெட்டாம் தேதி ஆட்கள் வருவதற்கு முன்பே காலேஜுக்குப் போய்விட்டேன். வாட்ச்மேன் அப்பாத்துரை, நான் முத்துராணி அப்பா என்று சொன்னதும் உள்ளே விட்டார். வாசலுக்கு எதிரே இரண்டு வேப்பமரம். லாரியில் வாழைத்தார் ஏற்றிக் கட்டுகிற கட்டாக ஃப்ளெக்ஸைக் கட்டினேன், எந்தக் காற்றுக்கும் அசையாது.

மகளும், அவளுக்கு வழிகாட்டுகிற சித்ரலேகா டீச்சரும் காரில் அந்த அம்மாவைக் கூட்டி வந்தார்கள். இறங்கினபோது எனக்கு ஆச்சரியம். வெள்ளை வெளேரென்று நரைத்த முடி, நம்மாட்கள் நிறம், அகலமான மூக்கு. எங்கள் அத்தைக்குக் கவுன் போட்டுவிட்டது மாதிரி இருந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பி, தடவித் தடவிக் காருக்குள் போய் உட்கார்ந்தார்.

மகள் திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"எப்பா, அவுத்துருங்க! சீக்கிரம் அவுத்துருங்க!"

ஓடிப்போய் முடிச்சில் கை வைத்தேன். நான் போட்ட முடிச்சு எனக்கே அவிழவில்லை. அப்பாத்துரை ஒரு பக்கம் இழுக்கிறார், மகள் ஒரு பக்கம் நகத்தால் கிள்ளுகிறாள். டீச்சர் தன் சேலைத் தலைப்பை விரித்து அந்த முகத்தை மறைக்கப் பார்க்கிறார், எட்டவில்லை. கடைசியில் அப்பாத்துரை கேன்டீனிலிருந்து கத்தி கொண்டுவந்து அறுத்தார். அது விழுந்தபோதும் முகம் மேலே பார்க்கத்தான் விழுந்தது. மகள் அதன்மேல் விழுந்து சுருட்டினாள்.

"அவங்க குடும்பத்துல செத்தவங்க பேரைச் சொல்ல மாட்டாங்கப்பா. படத்தைப் பாக்க மாட்டாங்க. பெரியவங்க போதும்னு சொல்லுத வரைக்கும். மூணாவது அத்தியாயம் முழுக்க அதைத்தான் எழுதிருக்கேன்."

"நீ எழுதுனது இங்கிலீஷ்ல்லா இருக்கு. எங்கிட்ட சொன்னியா?"

"நீங்க கேட்டீங்களா?"

ஏழு வருஷத்தில் நான் கேட்டதெல்லாம் எப்போது முடியும் என்பதுதான்.

டீச்சர் காரிலிருந்து திரும்பி வந்தார். "இன்னைக்கு அவங்களால உட்கார முடியாதுங்காங்க. ஊருல பெரியவங்க கிட்டப் பேசணுமாம். அதுவரைக்கும் வேலை எதுவும் இல்லையாம். நாளைக்குக் காலையில ஃப்ளைட்."

"கம்ப்யூட்டர் வழியா, மேடம்?" என்றாள் மகள்.

"கேட்டேன்மா. எப்பன்னு இப்பச் சொல்ல முடியாதுங்காங்க. யுனிவர்சிட்டிக்கு எழுதிப் பாக்கேன். நம்பிக்கை கொடுக்க மாட்டேன்."

எழுதிப் பார்ப்பார்களாம். எழுதிப் பார்த்து எது நடந்திருக்கிறது?

நான் காருக்குப் போனேன். கண்ணாடியைத் தட்டவில்லை, கையெடுத்துக் கும்பிட்டு நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கினார். கண் சிவந்திருந்தது, கோபம் இல்லை. மெதுவாக ஏதோ சொன்னார்.

"நல்ல மனசோடதான் செஞ்சீங்கன்னு தெரியுமாம்" என்றாள் மகள்.

"அப்ப இறங்கி வரச் சொல்லு. எம்மேல உள்ளதை எம் புள்ளை மேல காட்டாண்டாம்னு சொல்லு. வேணும்னா நான் இந்த வாசப்பக்கமே வரலைன்னு சொல்லு."

மகள் அதில் ஒரு வார்த்தையைக்கூட இங்கிலீஷில் சொல்லவில்லை. அந்த அம்மா என் கும்பிட்ட கையைப் பிடித்து லேசாக அழுத்தினார். கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

முத்துராணி படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதாலாவது ஏதாவது சொல்லித் தேற்றலாம். பக்கத்தில் உட்காரப் போனேன்.

"போங்கப்பா. இப்ப போயிருங்க."

வாசலில் அப்பாத்துரை கேட்டார்: "என்ன அண்ணாச்சி, அந்தம்மாவுக்கு உம்மமேல கோவமா?"

"கோவம் இல்லை வே. கோவம்னா கால்ல விழுந்தாவது தீத்திருக்கலாம்."

"தெரியாமச் செஞ்சதுதானே."

"தெரிஞ்சிருந்தா மட்டும்? கூடப் பொறந்தவ செத்திருக்கா, மூஞ்சியைப் பாத்துக்கிட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி வாங்க உக்காருங்கன்னு எப்படி வே சொல்லுது? அது என்ன மரியாதை?"

அவர் என்னவோ சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டேன்.