வலது மூலைக் கட்டம்

பேக்கரியின் புகைக்கூண்டிலிருந்து புகை நேராக மேலே போனால் அன்றைக்கு மகளைப் பார்க்கலாம். சாய்ந்து போனால் பார்க்க முடியாது. இந்த ஒரு வருடத்தில் வெல்டருக்கு வானிலை ஞானம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் அது இவ்வளவுதான். விடிந்தும் விடியாததுமாக மொட்டை மாடிக்கு ஏறி, முதலில் புகையைத்தான் பார்ப்பார். அன்று புகை அசையாமல் நின்றது. துளி காற்று இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊரே இந்தப் புழுக்கத்தைத் திட்டப்போகிறது. அவருக்கு மட்டும் நிம்மதியாக இருந்தது.

ஆண்டெனாவை அவர் கையாலேயே செய்திருந்தார். நீளத் தண்டு ஒன்று, அதன் குறுக்கே வரிசையாகப் பதினாறு அலுமினியக் குழாய்கள், எல்லாவற்றையும் தாங்க மாடிச் சுவரோடு சேர்த்து நிறுத்திய இரும்புக் கம்பம். எதிர்வீட்டுக்காரர் அதற்கு மீன்முள் என்று பெயர் வைத்து, தெரு முழுக்க அந்தப் பெயரைப் பரப்பியும் விட்டார். ஊரில் எல்லோரும் கேபிளிலும் போனிலும் படம் பார்க்கிற காலத்தில் இந்த மனுஷனுக்கு ஏன் இந்த வேலை என்று யாருக்கும் புரியவில்லை. அவரும் விளக்கப் போகவில்லை. கம்பத்தின் பிடியைத் தளர்த்தி, குழாய்களை விரிகுடாவின் பக்கம் திருப்பிவிட்டுக் கீழே பார்த்தார்.

பின்வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. இப்போதெல்லாம் பிடிமானம் இல்லாமல் நிற்க முடிவதில்லை. அவள் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிற மாதிரி டிவியைச் சமையலறைச் சுவருக்கு மாற்றியிருந்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்து இரண்டு விரலை இடப்பக்கம் தள்ளினாள். அந்தப் பக்கம். அவர் திருப்பினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்கின. கொஞ்சம். அவர் மயிரிழை திருப்பினார். உள்ளங்கை நிமிர்ந்தது. நில். பிறகு மூடிய கை மெதுவாக விரிந்தது. வந்துவிட்டது. ஐந்தாவதாக, காற்றைத் துடைத்துத் தள்ளுகிற சைகை ஒன்று உண்டு. போய்விட்டது. முப்பத்தோரு வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது இந்த ஐந்தை வைத்துத்தான்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுடைய கைகள் எல்லாம் பேசும். அந்தப் பேச்சை அவர் கற்றுக்கொள்ளவில்லை. ஆரம்பத்தில் வேலை வேலை என்று நாள் போனது. பிறகு மகள் பிறந்தாள், நாலு வயதிலேயே தாயின் கைப்பேச்சும் தகப்பனின் வாய்ப்பேச்சும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அப்புறம் அவருக்கு என்ன கவலை. சோறு ஆறிவிட்டது என்பதிலிருந்து வாடகைக்கு வேறு வீடு பார்க்கலாமா என்பது வரை எல்லாம் அந்தக் குழந்தை வழியாகத்தான் போய் வந்தது. சண்டைகூட அவள் வழியாகத்தான். அவர் கத்துவதை அம்மாவிடம் பாதியாகக் குறைத்துச் சொல்வாள் என்பது அவருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மனைவியின் வயிற்றில் இருந்த இரண்டாவது பிள்ளை பிறக்கும் முன்பே இறந்துபோனது. டாக்டர் ஆஸ்பத்திரி நடையில் வைத்து இவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் மகளின் முன்னால் குனிந்து, "நீ போய் அம்மாகிட்ட சொல்லு கண்ணு, எனக்குக் கை வராது" என்றார்.

"தம்பி செத்துட்டான்னு சொல்லணுமாப்பா?"

"ஆமா."

அவள் போனாள். அவர் கதவுக்குப் பின்னால் நின்று, அந்தச் சின்ன முதுகின் இரண்டு பக்கமும் கைகள் ஏறி இறங்குவதைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்றதற்காக அவர் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. அதற்காகக் கைப்பேச்சைக் கற்றுக்கொள்ளவும் இல்லை. மனுஷன் அப்படித்தான் இருந்தார்.

மகள் படித்தாள், அந்தப் பேச்சையே பிழைப்பாக்கிக்கொண்டாள். விரிகுடாவுக்கு அந்தக் கரையில் ஒரு சின்ன டிவி நிலையம். அதன் காலைச் செய்தியில், திரையின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று கையால் செய்தி சொல்கிற வேலை. சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டு நாள். வாரம் தவறாமல் போனில் முகம் பார்த்துப் பேசினாள். போன வருடம் மனைவியின் மார்பில் கட்டி என்று சோதனை முடிவு வந்தது. அன்றைக்கும் வெல்டர் போனை மனைவியின் பக்கம் திருப்பிப் பிடித்து, "நீயே சொல்லிடும்மா" என்றார். மகள் சொன்னாள்.

அதோடு மனைவி போனை வெறுத்துவிட்டாள். அந்தக் கண்ணாடியில் மகள் முகம் தெரிந்தாலே எதையோ பறிகொடுக்கப் போகிறோம் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. மணி அடித்து வெளிச்சம் வந்தால் குப்புறக் கவிழ்த்துவிடுவாள். நாலு முறை முயன்று பார்த்துவிட்டு மகள் இவரிடம் சொன்னாள்: "கெட்ட சேதி சொல்லத்தான் நான் பொறந்தேனாப்பா? அம்மா என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறா. உங்களாலதான். இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க." அவரும் பண்ணிப் பார்த்தார். அவள் எடுக்கவில்லை.

பழைய டிவி சாமான் கடைக்காரர்தான் வழி சொன்னார். ஊரில் அவருக்குத் தூரம் என்று பெயர். எட்டாத நிலையங்களைப் பிடித்து நோட்டில் எழுதி வைப்பது அவருடைய பைத்தியம். "போன்ல அவங்க போடற துண்டுப் படத்துல ஓரத்தை வெட்டிடறாங்க அண்ணே, உங்க பொண்ணு தெரியாது. காத்து அசையாம கெடக்கற காலையில அந்தக் கரை சிக்னல் தண்ணி மேல வழுக்கிக்கிட்டு வரும். பழைய காலத்து டிவி மாதிரி புள்ளி புள்ளியா வராது. வந்தா முழுசா வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராது" என்றார். அளவுகளையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

ஒண்ணுமே வராது என்பதற்கு முன்னால் ஒரு நிலை உண்டு என்பதை வெல்டர் பார்த்துத் தெரிந்துகொண்டார். சிக்னல் தளரும்போது செய்தி வாசிப்பவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி அப்படியே இருப்பார். அசைகிற இடம்தான் முதலில் உடையும். மூலைக் கட்டத்தில் மகளின் முகம் இருக்கும், கைகள் மட்டும் சதுரம் சதுரமாகச் சிதறும். மனைவி உடனே மேலே பார்த்து, கொஞ்சம், கொஞ்சம் என்று விரல்களை நெருக்குவாள். கைகள் திரும்ப ஒட்டிக்கொண்டதும் உட்கார்ந்து பார்ப்பாள். பஸ் கட்டணம் உயர்வு, பாலம் பழுது, யாரோ தேர்தலில் தோற்றது. எல்லாம் யார் யாருடைய கெட்ட சேதியோ. ஒன்றுகூட இந்த வீட்டுக்கு இல்லை. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர் மகளுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: 'அம்மா காலையில டிவியில உன்னைப் பாக்கறா.' பதில் வரவில்லை. அடுத்த வாரத்திலிருந்து செய்தி முடிகிற கடைசி நொடியில், கட்டம் மறையும் முன், மகள் இடது மணிக்கட்டை வலது கையின் இரண்டு விரலால் தொட்டு, அந்த விரல்களை மோவாய்க்குக் கீழே வைத்தாள். மனைவியும் டிவியைப் பார்த்து அதையே செய்தாள். என்ன அது என்று அவர் புருவத்தால் கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவர்களுக்குள். பொறாமையாகத்தான் இருந்தது அவருக்கு.

அதற்குப் பிறகுதான் டவர் வேலை வந்தது. ஊருக்குப் பின்னாலிருக்கும் குன்றில் புதிய டிவி டவர். அதில் ஏறுகிற இரும்பு ஏணிக்கு வெல்டிங் இவருடையது. ஆறு வாரம் வேலை. ஒரு நாள் என்ஜினியரிடம் கேட்டார்.

"இது வந்தா எங்க வீட்டுல படம் நல்லா வருங்களா?"

"கண்ணாடி மாதிரி வரும். ஆண்டெனாவைத் திருப்பவே வேண்டாம்."

எந்தப் படம் என்று என்ஜினியர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. டவர் என்றால் எல்லாச் சிக்னலையும் தூக்கிக் கொடுக்கும் என்று நினைத்துக்கொண்டார். அன்று சாயந்திரம் மனைவியைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போய்க் குன்றைக் காட்டினார். ஏணியைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். டிவியைக் காட்டினார். மூடிய கையை விரித்தார், ஒருமுறைக்கு மூன்று முறை. பிறகு கம்பத்தைக் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இனி தினமும் வருவாள், காற்று அடித்தாலும் வருவாள். மனைவிக்கு முழுக்கப் புரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து யாருடைய உதவியும் இல்லாமல் அவராக அவளிடம் சொன்ன முதல் சேதி அது. அவள் ஈரத்துணியால் திரையைத் துடைத்தாள். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் டாக்டரும் ஒன்று சொன்னார். இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், மூன்று மாதமோ நாலு மாதமோ, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கையில் எதுவும் இல்லை. சொல்லாமலே வைத்திருந்தார்.

புகை அசையாமல் நின்ற அந்தக் காலைதான் டவரை இயக்கிவைத்த காலை. அந்தப் பக்கம், கொஞ்சம், நில். மனைவியின் கை விரிந்தது. வந்துவிட்டது. கை விரிந்தபடியே நின்றது, முகம் மட்டும் மாறியது. அவர் இறங்கி ஓடினார். படம் என்ஜினியர் சொன்ன மாதிரி கண்ணாடிதான். யாரோ ஒருவர் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு ஊர்ச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். வலது மூலையில் பூச்சாடிதான் இருந்தது.

தூரம் கடையைத் திறக்கக்கூட இல்லை. வெல்டர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அதே அலைவரிசையை இந்த டவருக்குக் குடுத்துட்டாங்க அண்ணே. காதுகிட்ட ஒருத்தன் கத்தினா தூரத்துல பேசறவன் குரல் கேக்குமா?"

"வேற எப்படியாவது திருப்பினா?"

"எப்படித் திருப்பினாலும் இவன்தான் வருவான்."

"எத்தனை நாளைக்கு?"

தூரம் அவரை உட்காரச் சொன்னார். "டவர் நிக்கற வரைக்கும் அண்ணே."

ஏணிக்கு அவர் இரட்டை வெல்டிங் வைத்திருந்தார். முப்பது வருடத்துக்கு அசையாது என்று பெருமையாகச் சொன்னதும் அவர்தான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பேக்கரிச் சுவரோரம் நின்று போனை எடுத்தார். 'இனிமே டிவி வராது. அம்மாவுக்கு நாள் கம்மி. நீயே அவகிட்ட சொல்லிடு' என்று அடித்தார். அடித்ததைப் படித்தபோது மறுபடியும் தான் அந்த ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்தது. கடைசி வரியை அழித்தார். மிச்சத்தைப் படித்தால் அதுவும் அதே வேலையைத்தான் செய்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'நீ வா' என்று மட்டும் அனுப்பினார்.

வீட்டில் அவள் நாற்காலியில் காத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். சொல்லியிருக்கலாம். காற்றைத் துடைக்கிற சைகை இருக்கிறதே, போய்விட்டது என்று. ஆனால் அந்தச் சைகைக்கு, திருப்பினால் மறுபடி வரும் என்றுதான் அவர்களுக்குள் அர்த்தம். இனி எப்போதுமே இல்லை என்பதற்கு அவரிடம் சைகை இல்லை. அவர் வானத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். காற்று சரியில்லை என்று பொய் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

அதிலிருந்து தினமும் காலையில் மாடிக்கு ஏறினார். கம்பத்தைத் திருப்பினார். அவள் கீழே நின்று, அந்தப் பக்கம், கொஞ்சம் என்றாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் மேசைமேல் இரண்டு கைதான் வந்தது. ஆறரைக்குச் செய்தி தொடங்கி ஏழுக்கு முடியும். முடியும்வரை அவர் திருப்பினார். அந்தக் கரையில் மகள் அந்நேரம் மணிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வரும், தாங்க முடியாது. ஆறாம் நாள் மனைவி நிற்க முடியாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள், அப்போதும் கை காட்டினாள். 'நீ வா'வின் கீழே பார்த்ததற்கான அடையாளம் வந்திருந்தது. பதில் இல்லை.

பத்தாம் நாள் காற்று பலமாக அடித்தது. புகை பேக்கரிக் கூரையோடு படுத்துக்கொண்டு போனது. இந்த மாதிரி நாளில் முன்பெல்லாம் அவர் புகையைப் பார்த்ததுமே இறங்கிவிடுவார், அவளும் எழுந்ததில்லை. இன்று கம்பத்தின் பிடியைத் தளர்த்தினார், ஏன் என்று கேட்டால் தெரியாது. கீழே பார்த்தால் அவள் பின்வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் டிவி அணைந்திருந்தது.

அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவள் விரலால் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். கால்கள் ஆடின, சமாளித்தாள். இடது மணிக்கட்டை வலது கையின் இரண்டு விரலால் தொட்டு, அந்த விரல்களை மோவாய்க்குக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்துத்தான் செய்தாள்.

அது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை. போதும், இறங்கி வா என்றா. எனக்குத் தெரியும் என்றா. போய் வருகிறேன் என்றா. கேட்டுச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அவள் இன்னொரு முறை செய்தாள், மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் செய்து காட்டுவதுபோல. அவர் கம்பத்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். சூட்டுத் தழும்பேறி மடங்காமல் போன விரல்களால் தன் இடது மணிக்கட்டைத் தேடினார். அவருக்குப் பின்னால், பிடி தளர்ந்த கம்பத்தின் மேல் பதினாறு குழாய்களும் காற்றில் மெல்லத் திரும்பி, விரிகுடாவைக் கடந்து, குன்றைக் கடந்து, இன்னும் திரும்பிக்கொண்டிருந்தன.