கோரை முளைத்த மூன்று வட்டங்கள்

பாசியைத் தவிர வேறொன்றும் தலையெடுக்காத சதுப்பின் நடுவே கோரை முளைத்ததற்குக் காரணம் சொன்னவள் என்பதால், ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘ஊற்றுக்காரி’ என்று பட்டம் சூட்டியிருந்தார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடத்திலேயே தனக்கென்று ஒரு கண்டுபிடிப்பு வாய்ப்பது லேசுப்பட்ட காரியமா?

அந்தச் சதுப்பு வானத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பது. ஆறோ ஓடையோ அதற்குள் எட்டிப்பார்ப்பதில்லை. அடியில் கிடக்கும் களிமண் நிலத்தடி நீரை மேலே விடுவதில்லை. மழை கொண்டுவருவதுதான் சாப்பாடு. மழையில் சத்து என்று பெயருக்குத்தான் இருக்கும். அந்த வறுமையிலும் கொழிப்பது பஞ்சுபோன்ற பாசி ஒன்றுதான். நீரிலுள்ள கொஞ்சநஞ்சச் சுண்ணாம்பையும் அது தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பதிலுக்கு அமிலத்தை வெளிவிடும். நீர் புளித்துப்போகும், புளித்த நீரில் செத்த பாசி மட்காமல் அடுக்கடுக்காகப் படியும், அந்த அடுக்கின் தலைமேல் புதுப் பாசி ஏறி உட்காரும். இந்த ஏற்பாட்டுக்குள் வந்து மாட்டிக்கொள்ளும் மற்றச் செடிகளுக்குப் பட்டினிதான். அழுகண்ணி மட்டும் இலைமுடிகளில் பிசின் துளிகளை ஏந்திக் காத்திருந்து, ஒட்டிக்கொள்ளும் பூச்சியைத் தின்று வயிற்றைக் கழுவுகிறது.

அப்படிப்பட்ட இடத்தில்தான், நீர்மட்டம் அளக்க இறக்கிய நான்கு குழாய்களில் மூன்றைச் சுற்றிப் பாசி வெளுத்துச் செத்தது. அதன்மேல் இடுப்பளவு கோரை வட்டம் கட்டி வளர்ந்தது. அங்கே எடுத்த நீரில் சுண்ணாம்புச் சத்து தாராளமாக இருந்தது. களிமண்ணைத் துளைத்து இறக்கிய குழாய்களின் ஓரமாக நிலத்தடி நீர் ஏறுகிறது, மனிதர் கையால் திறந்துவிட்ட ஊற்று அது என்றாள் அவள். துறைத்தலைவி பாராட்டினார். மூன்று குழாய்களைச் சுற்றியும் சிமெண்ட் பால் செலுத்தி ஓட்டையை அடைத்துவிடுவது என்று முடிவாயிற்று. இன்று அந்த வேலை.

வேலைக்கு வந்திருந்தவர் அவளுடைய அக்காவின் கணவர். குழாய்களை முதலில் நட்டவரும் அவரே. கொத்தனார், நல்ல கைக்காரர், வாய் அதைவிட நீளம். தோளில் சிமெண்ட் மூட்டையோடு மரப்பலகைப் பாதையில் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

“உங்க அக்கா வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினா. அவ படிச்சவ, அவ சொல்றதக் கேளுங்க, வாயத் தொறக்காதீங்கன்னு.”

“பாதி தூரம் வந்தாச்சு அத்தான். இன்னும் மூடினபாடு இல்ல.”

“மூட்டையத் தூக்கறவன் பேசலன்னா மூட்டை கனக்கும்மா. அதெல்லாம் உங்க மீட்டர்ல காட்டாது.”

முதல் குழாயை அடைந்ததும் அவர் மூட்டையை இறக்கிவிட்டுக் குந்தினார். கோரையை விலக்கி, குழாயின் கழுத்தில் ஆடாமலிருக்கத் தாமே போட்ட சிமெண்ட் வளையத்தை உள்ளங்கையால் தடவினார். பேச்சு நின்றது.

“இது நான் போட்டதில்ல.”

“நீங்க போட்டதுதான்.”

“நானா? பக்கெட்ட அறுத்து அச்சு வெச்சு, கண்ணாடி மாதிரி பூசி விட்டுட்டுப் போனேன். இதப் பாரு!”

பார்த்தாள். வளையத்தின் மேல்தோல் முழுக்கப் போய், ஜல்லி பல்லிளித்துக்கொண்டிருந்தது. அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தியதும் விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

“மணல் சரியில்லையோ?” என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. “இதே மணல், இதே சிமெண்ட், இதே வாரம். உங்க அக்காவுக்கு வாசப்படி போட்டுக் கொடுத்தேன். அது இன்னும் கல்லு மாதிரி கெடக்கு. இங்க மட்டும் எவன் வந்து நக்கிட்டுப் போனான்?”

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. வளையத்தில் கால்வாசியாவது காணாமல் போயிருக்கிறது. போனது எங்கே போயிற்று? சிமெண்ட் என்பது சுட்ட சுண்ணாம்புதானே. புளித்த நீர் அதைத் தின்றிருந்தால், தின்ற சுண்ணாம்பு இந்த நீருக்குள்தானே இருக்கவேண்டும்?

அத்தான் மூட்டையின் வாயைக் கட்டிய சணலை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். “உங்க தலைவியம்மா வர்றதுக்குள்ள மொதல்ல இதப் புதுசாப் பூசிடறேன். பாத்தா என் மானம் போயிரும்.”

“அவுக்காதீங்க அத்தான். கொஞ்சம் இருங்க.”

“என்னம்மா இப்போ?”

“ஒரு சந்தேகம்.”

“வேலை நேரத்துல வர்ற சந்தேகமா! சரி, வா ராசான்னு சொல்லி உக்கார வை.”

ஊற்று என்றால் நீர் கீழிருந்து வருகிறது. ஆழம் போகப்போகச் சுண்ணாம்பு கூடவேண்டும். ஆனால் இத்தனை நாளும் குவளைக்கு எட்டிய மேல்நீரைத்தான் அவள் மொண்டு போயிருந்தாள். மேலே இவ்வளவென்றால் கீழே இன்னும் எவ்வளவோ என்று மனம் தானாகவே நிரப்பிக்கொண்டது. நுனியில் துளையிட்ட மெல்லிய எஃகுக் குழலைப் பையிலிருந்து எடுத்து, துண்டுதுண்டாகப் பூட்டி, வளையத்தை ஒட்டிப் பாசிக்குள் செருகினாள். ஊசிக்குழாயால் நீரை உறிஞ்சிச் சிறு கண்ணாடிக் குப்பியில் விட்டு, சோதனைக் கரைசலைச் சொட்டினாள்.

“சுண்ணாம்பு இருந்தா சிவக்கும். இல்லன்னா நீலம்.”

முழங்கை ஆழத்து நீர் திராட்சைச் சாறுபோலச் சிவந்தது. இடுப்பளவு ஆழத்தில் எடுத்தது சிவப்பா ஊதாவா என்று முடிவுக்கு வராமல் மழுப்பியது. ஆள் உயரத்துக்கு இறக்கி எடுத்த குப்பியில் கரைசல் விழுந்ததும் சுத்தமான நீலம் பரவியது.

அவள் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். குப்பியைக் கழுவிவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் நீலம்.

“நல்ல கலரு. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?”

“கீழ சுண்ணாம்பே இல்ல அத்தான். ஊத்து இருந்திருந்தா இது ரத்தமாச் சிவந்திருக்கணும்.”

“அப்போ ஊத்து எங்க?”

அவள் குப்பியைப் பலகைமேல் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடவும் முடியும். அவர் சிமெண்ட் பாலைச் செலுத்திவிட்டுப் போவார்; கோரை அடங்காவிட்டால் அடைப்பு சரியில்லை என்று ஆகும்; ஊற்று ஊற்றாகவே இருக்கும், பெயரும் நிற்கும். அந்த எண்ணம் வந்த வேகத்தில், அதன் தோளை இடித்துக்கொண்டு வேறொன்று முன்னால் வந்து நின்றது: நான்காவது குழாய். அதுவும் இதேபோலக் களிமண்ணைத் துளைத்து இறங்கியதுதான். அங்கே மட்டும் ஏன் ஒரு கோரைகூட இல்லை? அங்கே களிமண் தானாக மூடிக்கொண்டிருக்கும் என்று அவளே எழுதியிருந்தாள்.

“அத்தான், நாலாவது குழாய்க்கு வளையம் போட்டீங்களா?”

“அத ஏன் கேக்கற! அதுக்குப் போறதுக்குள்ள மழை கொட்டி, மிச்ச சிமெண்ட் எல்லாம் நனைஞ்சு கட்டியாப் போச்சு. ரெண்டு மரக்கட்டையச் சொருகிக் கயிறு போட்டுக் கட்டிட்டு வந்தேன். அது ஆடுதுன்னு யாராவது புகார் சொன்னாங்களா?”

“இல்ல. அதுதான் ஒழுங்கா இருக்கு.”

துறைத்தலைவி குடையை ஊன்றியபடி பலகைப் பாதையில் வந்து சேர்ந்தபோது, மூட்டை கட்டு அவிழாமல் கிடந்தது. கொத்தனார் அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பாசியின்மேல் மண்டியிட்டிருந்தவளின் முழங்கால்கள் நனைந்திருந்தன.

“இன்னும் ஆரம்பிக்கலையா?”

“வேண்டாங்கம்மா. ஊத்து இல்ல.”

“போன கூட்டம் வரைக்கும் இருந்துச்சே?”

“நான் தப்பாச் சொல்லிட்டேன். சுண்ணாம்பு கீழ இருந்து வரல. இந்த வளையத்துல இருந்து வருது. இது மேலயே இன்னும் சிமெண்ட் ஊத்தினா பாசிக்கு நாமளே சமாதி கட்டின மாதிரி ஆயிடும்.”

“அப்போ நீ சொன்ன ஊத்து…”

“அதோ மூட்டை மேல உக்காந்திருக்காரு.”

கொத்தனார் பதறி எழுந்தார். “நீங்க சொன்னபடிதாங்க நான் செஞ்சேன்!”

தலைவி சிரிக்கவில்லை. குடையை மடக்கிப் பலகையில் வைத்துவிட்டுச் சிரமப்பட்டுக் குந்தினார். “எனக்கு முன்னாடி ஒருதடவை செஞ்சு காட்டு.”

செய்து காட்டினாள். சிவப்பு, இரண்டுங்கெட்டான், நீலம். தலைவி மூன்று குப்பிகளையும் வரிசையாகப் பலகையில் வைத்து, நீலத்தை மட்டும் எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

“நானும்தானே கையெழுத்துப் போட்டேன்,” என்றார். “ஒருத்தருக்குமே ஆழமா எறக்கி எடுத்துப் பாக்கணும்னு தோணல. சரி, வளையத்த எடுத்துட்டா பாசி திரும்பி வருமா?”

“தெரியலம்மா.”

அந்த வார்த்தை இவ்வளவு சுலபமாக வாயில் வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. கூட்டத்தில் ஊற்றைப் பற்றி அவ்வளவு அழுத்தமாகப் பேசியபோது இல்லாத சுறுசுறுப்பு ஒன்று இப்போது உடம்பில் ஓடியது.

அத்தான் தம் கைவேலையைத் தாமே கடப்பாரையால் நெம்பினார். “போட்டதும் நான், பேத்தெடுக்கறதும் நான்,” என்று புலம்பினாலும், உடைந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சாக்கில் போட்டார். அவள் உதிர்ந்த பொடியைப் பாசியோடு சேர்த்துக் கரண்டியால் வழித்தெடுத்தாள். பிறகு குழலைக் குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் செருகினாள். சிவப்பு. இரண்டு சாண். சிவப்பு. கோரை நிற்கும் இடத்தையும் தாண்டி, பார்வைக்குப் பச்சையாக, நலமாக இருந்த பாசியில் செருகினாள்.

சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு அத்தான் காத்திருந்தார். “இன்னுமா முடியல? உங்க அக்கா கேட்டா என்ன சொல்றது?”

“இங்கயும் செவக்குது அத்தான்! கோரை வர்றதுக்கு முன்னாடியே சுண்ணாம்பு இவ்வளவு தூரம் வந்திருக்கு. கொஞ்சம் நகந்து நில்லுங்க.”

அவர் நகர்ந்தார். அவள் இன்னொரு சாண் தள்ளிக் குழலைச் செருகினாள்.