அளவு கொடுக்க வராதவன்

அம்மா போய் ஒரு மாதம் கழித்து, அவளை நினைத்துப் பேச எல்லாரும் பழைய வீட்டில் கூடுவதென்று முடிவாயிற்று. அவள் கையால் தைத்த ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று பெரிய அண்ணி சொல்லிவிட்டாள்.

அந்தக் குடும்பத்தில் அது பெரிய காரியமில்லை. புருஷன் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே ஐந்து பிள்ளைகளையும் ஆளாக்கியவள் அம்மா. வெளியாருக்குத் தைத்தது வயிற்றுப்பாட்டுக்கு, வீட்டாருக்குத் தைத்தது ஆசைக்கு. பிள்ளைகள் தலையெடுத்து, வெளி வேலையை நிறுத்திய பிறகும் மெஷினுக்கு ஓய்வில்லை. மருமகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வருஷத்துக்கு ஓர் உடுப்பாவது தைத்துவிடுவாள். யார் வாசலில் வந்து நின்றாலும், "உள்ள வா" என்பதற்கு முன்னால் கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவிவிடுவாள். "வயித்த எக்காத. மூச்ச விட்டு நில்லு" என்று அதட்டல் வேறு.

சின்னவன் பாடுதான் திண்டாட்டம். லிப்ட் பழுது பார்க்கும் வேலை கிடைத்து வெளியூரோடு போய்விட்டவன் அவன். அவனுக்கு மட்டும் வருஷா வருஷம் சட்டை பார்சலில் போகும். பின்னாலேயே போன் போகும்.

"சட்டை எப்படிடா இருக்கு? எங்கயாவது இறுக்குதா?"

"சேச்சே, கச்சிதமா இருக்கும்மா."

"இறுக்கினா சொல்லு. ஒரு நடை வந்துட்டுப் போனேன்னா அளவெடுத்துடுவேன்."

"அதுக்கெல்லாம் வேலையே இல்ல. உன் கைக்கு அளவு எதுக்கு?"

உண்மையில் முதல் சட்டையை மட்டும்தான் அவன் போட்டுப் பார்த்தான். வயிற்றுப் பக்கம் பொத்தானும் காஜாவும் ஒன்றையொன்று எட்டிப் பார்த்ததோடு சரி. அதைச் சொன்னால் "கிளம்பி வா" என்பாள், லீவு கேட்க வேண்டும், பஸ்ஸில் இடுப்பொடிய உட்கார வேண்டும். அந்தச் சோம்பலுக்குச் சொன்ன பொய் அது. அதன் பிறகு வந்த பார்சல்களைப் பிரிக்காமலே பீரோவுக்கு மேல் போட்டுவிட்டான். ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அம்மா அவனை மேலும் கீழும் அளந்தாள். "கொஞ்சம் பூசினாப்ல இருக்கியே, நான் தச்சத ஏன் போட்டுட்டு வரல?" என்றாள். "நல்ல சட்டைன்னு எடுத்து வச்சிருக்கேம்மா" என்றான். அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது எல்லாப் பார்சல்களையும் ஒரு பைக்குள் திணித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முந்தின நாளே அக்கா வீட்டுக்கு வந்து நின்றான். அம்மாவிடம் தொழில் கற்றவள் அக்கா.

"இதுல ஒண்ணையாவது நாளைக்குள்ள பெருசாக்கித் தாக்கா. நான் மட்டும் கடைச் சட்டையில போய் எப்படி உக்கார்றது?"

"துணி என்ன ரப்பரா, இழுத்தா வர்றதுக்கு?" என்றபடி அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து உள்பக்கம் திருப்பினாள். பழைய சட்டைகளில் தையல் கோடு போட்டாற்போல் ஓடியது. வருஷம் ஏற ஏற லேசாக நெளிந்தது. கடைசிச் சட்டையில், கண் தெரியாத கை தடவித் தடவிப் போன தடம் அப்படியே தெரிந்தது. அதன் பக்கத் தையலில் அக்காவின் விரல் நின்றது.

"இங்க பாரு. ரெண்டு பக்கமும் உள்ள எவ்வளவு துணி மடிச்சு விட்டிருக்கா! ஸ்கூல் போற பிள்ளைக்குத்தான் இப்படி விடுவா, வளர்ந்தா பிரிச்சுக்கலாம்னு."

அந்தக் கல்யாணத்தில் அம்மா அவனைப் பார்த்ததற்கு அப்புறம் தைத்தவை எல்லாமே அப்படித்தான் இருந்தன. சின்னவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப அம்மாவுக்குத் தெரியும்."

"தெரியாமலா? நீ வாயால சொல்லணும்னு காத்திருந்திருக்கா."

அக்கா பிளேடை எடுத்தாள். "இதையே பிரிச்சு விடறேன், தாராளமா வரும். ஆனா ஒண்ணு, பிரிச்சா அம்மா போட்ட தையல் போயிடும். அப்புறம் நிக்கிறது என் தையல்தான். சம்மதமா?"

அவன் அந்த நெளிந்த கோட்டைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே தடவினான்.

"வேணாங்க்கா. வச்சிடு."

மறுநாள் பழைய வீட்டுக் கூடத்தில் அத்தனை பேரும் அம்மாவின் தையலில் உட்கார்ந்திருந்தார்கள். பேத்திகள் ஒருத்தி பாவாடையை மற்றவள் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் அந்தக் கடைசிச் சட்டையைப் பனியனுக்கு மேல் திறந்துபோட்டபடி உள்ளே வந்தான்.

"என்னடா, சண்டைக்குப் போறவன் மாதிரி வர்ற? அம்மா பொத்தான் வைக்க மறந்துட்டாளா?" என்று பெரிய அண்ணன் சீண்டினார். கூடமே சிரித்தது.

"எல்லாப் பொத்தானும் வச்சுத்தான் அனுப்பினா" என்றான் சின்னவன். "நான்தான் அளவு கொடுக்க வரல."

அக்கா நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவன் வயிற்றை எக்காமல், மூச்சை விட்டு உட்கார்ந்தான்.