கேட்டால்தான் துடக்கு

ஆனி பிறந்துவிட்டால் கிருசாந்தன் வீட்டில் நிற்பதில்லை. நாதஸ்வரத்தைப் பையில் போட்டு முதுகோடு கட்டி மோட்டார் சைக்கிளை உதைத்தான் என்றால், இனி ஆவணி முடியத்தான் அந்த ஆளை மாங்குளத்தில் பார்க்கலாம். எந்த மேளச் செட்டிலும் அவன் நிரந்தரமாகச் சேர்ந்ததில்லை. கூப்பிட்ட தவில்காரனோடு போய் நிற்பான். விடியக் கிளிநொச்சியில் ஒரு தாலிகட்டு, மத்தியானம் பரந்தனில் ஒரு பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீடு, பொழுதுபடக் கனகராயன்குளத்தில் ஒரு கோயில் பூசை. உடுப்பு மாற்றுவது றோட்டுக்கரைப் பற்றைக்குள். ஓடும்போதே வாய்க்குள் நாதஸ்வரத்தின் ஊதுநாக்கான சீவாளி ஊறிக்கொண்டிருக்கும். காய்ந்த சீவாளியில் நாதம் வராது. ஒருமுறை பொலிஸ் மறித்து லைசன்ஸ் கேட்டபோது இவன் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான். வெறிகாரன் என்று நினைத்து இறக்கி மறித்துவைத்தார்கள். பரந்தன் பெட்டை அன்று மேளம் இல்லாமலேயே தண்ணி வார்ப்பு முடித்தாள்.

இந்தத் தொழிலில் பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று பல். மற்றது துடக்கு என்கிற தீட்டு. பல் விழுந்தால் கட்டலாம். பங்காளி ஒருவர் செத்தால் வருகிற துடக்குக்கு மருந்து இல்லை. அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை, ஒரு மாதம், கோயில் வாசலை மிதிக்க முடியாது. கலியாணத்தில் வாத்தியத்தைத் தொட முடியாது. கிருசாந்தனின் ஆட்கள் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். பெருத்த சாதிசனம். எங்கேயோ ஒரு கிழவர் கண்ணை மூடினால் பத்து வீட்டுக்குத் துடக்கு. மூன்று வருடத்துக்கு முதல், அவன் முகம்கூடக் கண்டிராத ஒரு சித்தப்பா முறைக்காரர் அவன் வழமையாக ஊதுகிற ஒரு கோயிலின் கொடியேற்றத்துக்கு முதல் நாள் செத்துவைத்தார். அந்தக் கோயிலுக்கு வேறொருவன் ஊதப் போனான். இன்றைக்கும் அவன்தான் போகிறான்.

அதற்குப் பிறகுதான் கிருசாந்தன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு கோயில் ஐயர் வெற்றிலை போட்டபடி சொன்ன கதை அது: தூரத்தில் இருக்கிறவனுக்குச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் துடக்கு. ஐயர் சொன்னது கடல் கடந்து கனடாவில் இருக்கிறவர்களைப் பற்றி. கிருசாந்தன் அந்தச் சட்டத்தை மாங்குளத்துக்கும் அண்ணன் இருக்கிற ஜெயபுரத்துக்கும் நடுவில் கொண்டுவந்து இறக்கினான். சீசனில் பேஸ்புக்கைத் திறக்கமாட்டான். அதில் முழுக்க மரண அறிவித்தல். சொந்தக்காரரின் அழைப்பை எடுக்கமாட்டான். எல்லாம் மனைவி ஜெயரூபிக்குப் போகும். அவள் ஆவணி முடிய மொத்தமாகச் சொல்லுவாள்.

"ஆர் செத்தாலும் சொல்லக் கூடாதோ?" என்று அவள் முதல் வருடம் கேட்டாள்.

"ஆர் செத்தாலும்."

"நான் செத்தால்?"

"நீ செத்தால் எப்பிடியும் நீ சொல்லமாட்டாய்தானே."

அவள் அகப்பையை எறிந்தாள். ஆனால் ஏற்பாடு நடந்தது. இரண்டு சீசன் பிசகில்லாமல் நடந்தது.

இந்த வருடம் அவனுடைய அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி.

கதிர்காமநாதன் ஜெயபுரத்தில் வயல் செய்கிறவர். தம்பியைவிடப் பதினைந்து வயது மூப்பு. குரல் என்றால் அப்படி ஒரு குரல். வயலில் நின்று கத்தினால் அடுத்த வாய்க்காலில் நிற்கிற மாடு திரும்பிப் பார்க்கும். போனில் கதைக்க அவருக்குத் தெரியாது, கத்துவார். அதனால் போனைத் தொடுவதில்லை. கமலாசனி அண்ணிதான் கதைப்பார். வைகாசியில் கிருசாந்தன் ஒருமுறை போய்ப் பார்த்தபோது அந்தக் குரல் அரம் போட்டதுபோல் கரகரத்தது. உடம்பு பாதியாய்ப் போயிருந்தது.

"சீசன் முடிய வாறன் அண்ணை. வந்து நாலு நாள் நிப்பன்."

"போடா, போய் ஊது. உன்ர சாமியள் அங்க தேருக்கு ஏற ஏலாமல் நிக்குதுகள்."

ஒப்பரேசன் என்று ஒரு கதை அடிபட்டது. திகதி கிடைக்க மாதக்கணக்காகும் என்றும் சொன்னார்கள். கிருசாந்தன் அதை வடிவாக விசாரிக்கவில்லை. அண்ணை ஆவணி தாண்டமாட்டார் என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

ஆடிக் கடைசியில் வவுனியாப் பக்கம் ஒரு பிள்ளையார் கோயில் திருவிழா. அவனும் தவில்காரன் நிரோஜனும் கோயில் மடத்திலேயே படுக்கை. தேருக்கு முதல் நாள், சப்பறத்தன்று பின்னேரம் அவன் சீவாளி கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணியின் இலக்கம். எடுக்கவில்லை. திரும்ப அடித்தது. திரும்பவும். நிரோஜன் வாழைப்பழம் உரித்தபடி எட்டிப் பார்த்தான்.

"எடன் அண்ணை. செத்தவீடு எண்டால் ஒருக்கா அடிச்சுப்போட்டு மற்றாளுக்கு அடிப்பினம். இது ஏதோ கடன்காரன் மாதிரிக் கிடக்கு."

"வாயைப் பொத்து."

பிறகு ஜெயரூபி அழைத்தாள். அவளுடைய அழைப்பை எடுத்துத்தான் ஆகவேண்டும்.

"இஞ்சாருங்கோ, அண்ணை வீட்டில இருந்து…"

"சொல்லாதை."

"அது நீங்கள் நினைக்கிற…"

"சொல்லாதை எண்டெல்லோ சொல்லுறன்! நாளைக்குத் தேர். உனக்கு விளங்காதோ?"

"சரி. இனி நான் ஒண்டும் சொல்லேல்ல. நீங்களாக் கேட்டால் சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள். கோபம் வந்தால் சொன்னதைச் செய்கிற பெண் அவள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணியின் இலக்கத்திலிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. நீளமானது. நாலு நிமிடத்துக்குக் கிட்ட. கிருசாந்தன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி ஒப்பாரி வைத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தான். விரல் தவறிப் பட்டாலே போதும்; காதில் விழுந்துவிடும், துடக்கு வந்துவிடும், தேரும் போய்விடும். அழுத்திப் பிடித்து அழித்தான். செத்த செய்தி சொல்ல நாலு நிமிடம் எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை.

மறுநாள் தேரில் அவன் வாசித்த முகாரியைப் பற்றி வவுனியாவில் இன்னும் கதைக்கிறார்கள். அழுகை ராகமான முகாரியைத் தேரடியில் ஒருவரும் வாசிப்பதில்லை. அன்று வாசித்தான். மூச்சு விடாமல் இழுத்தான். கன்னம் நனைய நனைய இழுத்தான். சனம் தேரை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது. தர்மகர்த்தா இளையதம்பியர் பொன்னாடை கொண்டுவந்து போர்த்தி, "தம்பி, நீர் பிள்ளையாரையே அழ வைச்சிட்டீர்" என்றார். கிருசாந்தன் குனிந்து வாங்கிக்கொண்டான். அண்ணனுக்குக் கொள்ளிவைக்கும் நேரம் தான் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்பதாக அவன் நினைத்தான். நினைத்துக்கொண்டே அடுத்த கீர்த்தனையைத் தொடங்கினான்.

அந்தக் கோயிலில் கொடி இறங்க, அடுத்த கோயிலில் கொடி ஏறியது. நடுவில் ஆவணி முகூர்த்தங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கலியாணம். வீட்டுக்குப் போகவில்லை. ஜெயரூபியை அழைத்தால் "ஓம்", "இல்லை", "சாப்பிட்டனீங்களோ" என்பதற்கு மேல் அவள் போகவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். அண்ணி அதற்குப் பிறகு அழைக்கவே இல்லை. அதை அவன் செத்தவீட்டுக்கு வராதவன்மேல் உள்ள கோபம் என்று எடுத்துக்கொண்டான். நியாயமான கோபம்தான். அந்தியேட்டிக்குப் போய்க் காலில் விழலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான்.

கடைசி முகூர்த்தம் முடிந்த அன்றே வெளிக்கிட்டான். மல்லாவி தாண்டி, வெள்ளாங்குளம் சந்தியில் வடக்கே திரும்பி, ஜெயபுரத்துக்குப் போய்ச் சேர வெயில் சரியத் தொடங்கியிருந்தது. வழியெல்லாம் அண்ணியிடம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். வாசலில் பந்தல் இல்லை. வாடகைக் கதிரைகள் இல்லை. முற்றத்தில் மிளகாய் காய்ந்தது.

வேம்பின் கீழ்ப் பிளாஸ்டிக் கதிரையில் கதிர்காமநாதன் இருந்தார்.

கிருசாந்தன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்ட மறந்தான். அது தானே இருமி நின்றது. அண்ணையின் மூக்கிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து கன்னத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கழுத்தில் துணி. துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. தம்பியைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி வாயை அகலத் திறந்தார். சத்தம் எதுவும் வரவில்லை. கழுத்துத் துணிக்குப் பின்னாலிருந்து காற்று மட்டும் சீறியது.

குசினியிலிருந்து கமலாசனி அண்ணி வந்தார்.

"வந்திட்டீரோ? சாமியள் விட்டிட்டினமோ?"

"அண்ணி… அண்ணை…"

"ஏன் பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீர்? ஜெயரூபி சொல்லேல்லையே? அவா ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவா. ஆருக்கோ ஒப்பரேசனுக்கு வைச்ச திகதிக்கு அந்தாள் வரேல்லையாம், அந்த இடத்தில இவரை உடன கொண்டுவரச் சொல்லிப்போட்டினம். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் எண்டவை. நாளைக்கு ஒப்பரேசன் எண்டால் இண்டைக்கு முழுக்க இந்த மனுசன் போனும் கையும்தான். சீவியத்தில தொடாத போன். ஊரில உள்ள எல்லாரோடயும் கதைச்சு முடிச்சார். தங்கச்சியோட, பிள்ளையளோட, மில்காரனோடயும் சண்டை பிடிச்சவர் எண்டால் பாருமன். உம்மைத்தான் பிடிக்க ஏலேல்ல."

"தேர், அண்ணி…"

"தெரியும். இவரும் அதுதான் சொன்னவர். தம்பி தேரில நிப்பான், நான் பதிஞ்சு அனுப்புறன் எண்டு என்னையும் வெளிய போகச் சொல்லிப்போட்டுத் தனிய இருந்து கதைச்சவர். கடைசியாக் கதைச்சது அதுதான். பிறகு தண்ணிகூடக் குடியாமல் படுத்திட்டார்."

கதிர்காமநாதனின் மடியில் ஒரு சிலேட்டும் வெண்கட்டியும் இருந்தன. அவர் அதை எடுக்கவில்லை. தம்பியின் சட்டைப் பையில் இருந்த போனைக் காட்டினார். பிறகு தன் காதைத் தொட்டார். கேள்வியாகப் பார்த்தார்.

கேட்டனியோ?

கிருசாந்தன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சிலேட்டு அங்கேயே கிடந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டும். நீங்கள் செத்துப்போனீர்கள் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டு அழித்தேன், அழித்துவிட்டுத் தேருக்கு வாசித்தேன், பொன்னாடையும் வாங்கினேன். இதை எந்த வாயால் சொல்வது?

"ஓம் அண்ணை. கேட்டனான்."

அண்ணையின் முகம் தளர்ந்தது. ஒரு மாதமாக முதுகில் சுமந்த மூட்டையை இறக்கியவர்போல் கதிரையில் சாய்ந்தார். வெண்கட்டியை மண்ணில் போட்டார். சிலேட்டை எடுத்துக் கதிரைக்குக் கீழே தள்ளினார். இனி எழுத வேண்டிய தேவையில்லை. பிறகு புருவத்தை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, தம்பியைப் பார்த்தபடி இருந்தார். காத்திருந்தார்.

கிருசாந்தனுக்கு முதலில் விளங்கவில்லை.

"அப்ப என்ன சொல்லுறீர்?" என்றார் அண்ணி. "எனக்கும் சொல்லேல்ல பாரும். உம்மட்ட ஒண்டு கேட்டிருக்கிறாராம், நீர்தான் முடிவு சொல்ல வேணுமாம். சிலேட்டில அவ்வளவுதான் எழுதினவர். மிச்சம் கேட்டால் முறைக்கிறார்."

எதைக் கேட்டிருப்பார்? வயலையா, கடைசிப் பெட்டையின் கலியாணத்தையா, தான் செத்தால் என்ன செய்யவேண்டும் என்பதையா? நாலு நிமிடத்துக்கு ஒரு மனிதன் எத்தனையையோ கேட்கலாம்.

"அண்ணி, உங்கட போனை ஒருக்காத் தாங்கோ. திருப்பி ஒருக்கா வடிவாக் கேட்டுட்டுச் சொல்லுறன்."

"அந்தக் கதையைக் கேளாதையும். ஒப்பரேசன் நடக்கேக்க வெளி வாங்கில கண் அயர்ந்திட்டன். ஆரோ களவெடுத்திட்டாங்கள். உம்மட போனில இருக்கும்தானே?"

அவன் சட்டைப் பையைக் கையால் பொத்தினான். அண்ணையின் கை இன்னும் விரிந்தபடியே இருந்தது. துணி உள்ளே போய் வெளியே வந்தது. அந்தக் கண்களில் சந்தேகம் ஒரு துளியும் இல்லை. தம்பி யோசிக்கிறான், பெரிய விசயம்தானே, யோசிக்கத்தான் வேண்டும் என்கிற பொறுமைதான் இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். வன்னியையே அதட்டிய மனிதனின் முகத்தில் அப்படி ஒரு பயத்தைக் கிருசாந்தன் அதுவரை கண்டதில்லை.

"ஓம் அண்ணை," என்றான். "நீங்கள் சொன்ன மாதிரியே செய்யிறன்."

கதிர்காமநாதன் சிரித்தார். கழுத்திலிருந்து காற்று விட்டுவிட்டு வந்தது. கதிரையின் கைகளைப் பிடித்து எழும்பினார். அண்ணி தாங்க வந்தபோது தட்டிவிட்டார். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வா என்று தலையால் காட்டிவிட்டு, வளவின் பின்பக்கப் படலையைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கினார். கால் தள்ளாடினாலும் வேகமாக நடந்தார். எதையோ காட்டப் போகிற அவசரம்.

எங்கே போகிறோம் என்று கிருசாந்தன் கேட்கவில்லை. கேட்கிற உரிமை அவனுக்கு இல்லாமல் போயிருந்தது. எல்லாம் தெரிந்தவனைப்போல் முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.