லாயிடுக்கு ஒரு நற்சான்று

வாஷிங்டனில் உள்ள எங்கள் ஆய்வு நிறுவனத்தில் உலகத்துக்கு இரண்டு வைத்தியர்கள். எந்த மூலையில் புகை வந்தாலும் அமெரிக்கா ஓடிப்போய் அணைக்க வேண்டும் என்பார் லாயிட் பெம்பர்டன். அமெரிக்கா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு இருந்தாலே பாதி நெருப்பு பற்றாது என்பார் வென்டல் ஹார்க்னஸ். இருபது ஆண்டுகளாக மேடையில் மோதிவிட்டு, கீழே இறங்கி ஒரே தட்டில் வான்கோழி சாண்ட்விச் தின்றவர்கள்.

புதிய அதிபர் வந்ததும் வெளியுறவுத் துறையின் துணைச் செயலர் பதவிக்கு லாயிடின் பெயர் அடிபட்டது. வென்டலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவன் புத்தக அட்டையப் பாத்தியாப்பா?" என்றார் என்னிடம். "பூமி உருண்டையத் தட்டிப் பாத்துட்டு நிக்கிறான், தர்பூசணி வாங்க வந்தவன் மாதிரி."

பதவி தருமுன் கூட வேலை பார்த்தவர்களைத் தொலைபேசியில் விசாரிப்பது இவ்வூர் வழக்கம். வென்டலுக்கும் அழைப்பு வந்தது. பேசுவது வெள்ளை மாளிகை என்றதும், நான் எதிரே இருக்கும்போதே ஸ்பீக்கரில் போட்டார்.

"லாயிட் எழுதறதையெல்லாம் நிஜமாவே நம்பறாரா சார்?" என்றாள் ஒரு பெண்.

வென்டல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொய் தேவைப்படவில்லை, உண்மைக்குள்ளேயே போதிய விஷம் இருந்தது.

"மேடையிலதாம்மா அவன் புலி. மூணு கிளாஸ் உள்ள போச்சுன்னா, 'ஊரான் சண்டை நமக்கெதுக்குடா வென்டல்'னு என் தோள்ல சாஞ்சு அழுவான். ஒரு படகக்கூட எங்கயும் அனுப்ப மாட்டான்."

"நிச்சயமாத் தெரியுமா சார்?"

"சத்தியமே பண்றேன்."

"ரொம்ப நன்றி சார்." அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. வென்டல் அதைக் கவனிக்கவில்லை. வெகுநாள் கழித்துப் பசி எடுத்திருந்தது.

அந்த வாரமே லாயிடின் நியமனம் அறிவிக்கப்பட்டது. அவர் நேராக வந்து வென்டலைக் கட்டிக்கொண்டார்.

"உன்னாலதாண்டா கெடச்சுது. உலகத்துக்கே நாங்கதான் தலைமைன்னு முழங்கணும், ஆனா ஒரு சிப்பாயும் வீட்ட விட்டுக் கெளம்பக் கூடாது. அப்படி ஒருத்தனைத்தான் தேடுனாங்களாம். அவங்க விசாரிச்ச மத்தவனெல்லாம் நான் மேடையில சொன்னத நிஜமாவே செஞ்சுடுவேன்னு சொல்லிக் கெடுத்து வெச்சிருந்தான். நீதான் காப்பாத்துன."

வென்டல் அவர் பிடியை விலக்கிக்கொண்டார். "அப்போ ஜெயிச்சது என் கொள்கையா?"

"உன்னோடதேதான். நடத்தப்போறது நான்."

அடுத்த வாரம் வென்டலின் கட்டுரை வந்தது. கைகட்டி நிற்கும் அமெரிக்கா உலகுக்கே ஆபத்து என்று எழுதி, பதினோரு நாடுகளுக்கு உடனே படை அனுப்பச் சொல்லியிருந்தார். அவற்றில் நான்கில் சண்டையே இல்லை.