சாபத்துக்கு வாங்கிய தேங்காய்

தவணைப் பரீட்சை வினாத்தாள் அலமாரியிலிருந்து களவுபோன மூன்றாம் நாள், சிவநந்தினி டீச்சர் உயர்தர வகுப்புக்குத் தேங்காயோடு வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அம்மன் கோயிலில் அதை உடைத்துக் களவெடுத்தவனைச் சபிக்கப் போகிறாராம். அந்தச் சாபம் பலிக்காமல் போகாது என்று மாத்தளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தேங்காயை மேசையில் வைத்துவிட்டுக் கிரேக்க நாடகத்தை விரித்தார். கொலைகாரன் நாசமாகட்டும் என்று ராஜா சபிக்கும் இடம். கொலைகாரன் தானேதான் என்பது அந்த மனுஷனுக்கு மட்டும் தெரியாது.

"வருஷா வருஷம் பிள்ளைங்க இந்த இடத்துல சிரிப்பாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று டீச்சர் எரிந்து விழுந்தார்.

முன்வரிசையிலிருந்த லோஜினி திரும்பிப் பார்த்தாள். வினாத்தாளைப் படம் பிடித்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்ட அனுஜன் பின்வரிசையில் குனிந்திருந்தான். டீச்சரின் ஒரே மகன். படத்தை முப்பது பேரும் பார்த்திருந்தார்கள். அவளும்தான்.

"தெரிஞ்சவங்க ஒருத்தராவது ராஜாகிட்ட சொல்லியிருக்கலாமே, லோஜினி?"

"சொன்னாத் தாங்க மாட்டாருன்னு பயந்திருப்பாங்க, டீச்சர்."

"கோழைங்க."

மணி அடித்தது. சொல்லியே விடுவது என்று லோஜினி எழுந்தாள். அதற்குள் டீச்சர் தேங்காயை மகனிடம் நீட்டினார்.

"வா தம்பி, எனக்குக் கை வலிக்குது. நீ ஓங்கி உடை. எடுத்தவன் குடும்பத்தோட நாசமாப் போகணும்னு நான் சொல்றேன்."